கேமரா போச்சு, டிவிஆர் போச்சு, டிஸ்க் போச்சுன்னாரு... கடைசில பாத்தா ஒரு ஜாயின்ட்

கொஞ்சம் நீளமான பதிவு, பொறுத்துக்கோங்க. வீட்டுல சிசிடிவி வச்சிருக்கவங்க, ராத்திரில படம் கெட்டுப்போகுதுன்னு ஆளைக் கூப்பிடப் போறவங்க இதைப் படிச்சுட்டு அப்புறமா போன் பண்ணுங்க. நான் எதுவும் தெரியாம போன் பண்ணி நல்லா மாட்டிக்கிட்டேன்.

எங்க வீட்டுல நாலு கேமரா. எல்லாமே கோஆக்ஸ் கேபிள்ல (கேபிள் டிவி ஒயர் மாதிரி இருக்கும்) ஓடுற 2 மெகாபிக்சல் ரகம், ஹால்ல ஒரு டிவிஆர் (படத்தை ரெக்கார்ட் பண்ணி டிவியில காட்டுற பெட்டி), பக்கத்துலயே நாலுக்கும் கரன்ட் குடுக்குற 12 வோல்ட் எஸ்எம்பிஎஸ், அதாவது பவர் சப்ளை. மூணு கேமரால ஒரு குறையும் இல்ல. கேட் கேமரா மட்டும்தான் தகராறு, அதுவும் ராத்திரில மட்டும். பகல்ல படம் கண்ணாடி மாதிரி இருக்கும், இருட்டுனதும் கேமரால ‘டக்’னு ஒரு சின்ன சத்தம் கேட்டு கலர் போய் கருப்பு வெள்ளைக்கு மாறும் பாருங்க, அந்த நிமிஷத்துல இருந்து படம் முழுக்க குறுக்குக் கோடு, நடுங்கும், உருளும், நடுநடுவுல ‘வீடியோ லாஸ்’னு வந்து நீலமா நிக்கும், மறுபடி வரும். விடிஞ்சா ஒண்ணுமே நடக்காத மாதிரி சரியாயிடும். அப்பா வேற தினம் காலைல எழுந்ததும் "நேத்து ராத்திரியும் கேட்டுல ஒண்ணும் தெரியலடா"ன்னு ஆரம்பிச்சிடுவாரு.

கேமரா மாட்டுன ஆளையே கூப்பிட்டேன். மத்தியானம் வந்தாரு. (இதை ஞாபகம் வச்சுக்கோங்க, மூணு தடவை வந்தாரு, மூணு தடவையும் வெளிச்சத்துல.) மத்தியானம் படம் நல்லாத்தான இருக்கும், அதையே அரை நிமிஷம் பாத்துட்டு "போர்டு போச்சு சார், நைட்ல ஹீட் ஆகுது"ன்னாரு. ராத்திரி படத்தைப் பாக்காமலே எப்படிச் சொல்றாருன்னு எனக்கு அப்பவே தோணியிருக்கணும், தோணல. புதுக் கேமரா மாட்டுனாரு, பழசை "கம்பெனிக்கு அனுப்பி பாக்கறேன்"னு பைல போட்டுக்கிட்டாரு. ரெண்டு நாள் ராத்திரி படம் ஓகே. மூணாவது நாள் லேசா மழை பேஞ்சுது, மறுபடி அதே கோடு அதே ஆட்டம்.

ரெண்டாவது விசிட்ல "டிவிஆர்ல அந்த சேனல் அவுட் சார், ஒண்ணு போனா வரிசையா போகும்". சேனல்னா ஒவ்வொரு கேமரா ஒயரையும் டிவிஆர்ல சொருகுற இடம். ராத்திரி கோடு விழுறப்ப கேட் கேமரா ஒயரைப் புடுங்கி பக்கத்து சேனல்ல ஒரு தடவை சொருகிப் பாத்திருந்தா பத்து செகண்ட்ல பொய்யா நிஜமான்னு தெரிஞ்சிருக்கும். அவரும் பண்ணல, எனக்கும் கேக்கத் தெரியல. டிவிஆர் மாறுச்சு. கூடவே, "பழைய டிஸ்க்ல பேட் செக்டர் இருக்கு, அதை இதுல போட்டா இதுவும் போயிரும்"னு ஹார்ட் டிஸ்க்கும் மாறுச்சு. (பேட் செக்டர்னா டிஸ்க்ல எழுத, படிக்க முடியாம கெட்டுப்போன இடம்.) அப்பா பக்கத்துல நின்னு "தம்பி, படம் ஆடறதுக்கும் டிஸ்க்குக்கும் என்ன சம்பந்தம்"னு கேட்டாரு. அதுக்கு அவரு "எல்லாம் ஒண்ணுக்கொண்ணு கனெக்ஷன் பெரியவரே"ன்னுட்டாரு. அப்பா கேட்டதுதான் சரியான கேள்வி. லைவ்ல தெரியுற படம் கேமராவுல இருந்து ஒயர் வழியா டிவிஆருக்கு வந்து நேரா டிவிக்குப் போகுது, டிஸ்க் பக்கம் போறதே இல்ல. டிஸ்க் கெட்டா பழைய ரெக்கார்டிங் பாக்கும்போது நடுவுல காணாமப் போகும், சிக்கிச் சிக்கி ஓடும், சில சமயம் பெட்டிக்குள்ள இருந்து டிக் டிக்னு சத்தம் வரும். லைவ்ல கோடு விழாது.

இவ்ளோ மாத்தியும் அன்னிக்கு ராத்திரியே கோடு. மூணாவது விசிட்ல "வீட்டு முழுக்க கேபிள் மாத்தி ஐபி கேமராவுக்குப் போயிருங்க சார், இது பழைய டெக்னாலஜி"ன்னு ஒரு பெரிய எஸ்டிமேட் எழுதி நீட்டுனாரு. (ஐபி கேமரான்னா நெட்வொர்க் வழியா படம் அனுப்புற ரகம்.) அப்பதான் எனக்கு வயித்துல சுருக்குன்னுச்சு.

சித்தப்பா பையன் ஒருத்தன் எலக்ட்ரிகல் வேலை பாக்கறவன், அவனை வரச்சொன்னேன். அவன் வந்ததும் பகல்தான், ஆனா வந்ததும் பண்ண வேலையப் பாருங்க. ஏணி போட்டு ஏறி கேமரா முகத்தை ரெண்டு கையாலயும் வெளிச்சம் புகாம பொத்துனான். "அண்ணே, டிவியப் பாத்துட்டு இரு"ன்னான். உள்ள டக்னு சத்தம், டிவி ஸ்கிரீன் ஒரு செகண்ட் இருண்டுச்சு, அடுத்த நொடி கோடு கோடா உருள ஆரம்பிச்சிருச்சு. பட்டப்பகல்ல! கையை எடுத்தான், கொஞ்ச நேரத்துல பளிச். மறுபடி பொத்துனான், மறுபடி கோடு. ஒரு மாசமா ராத்திரி வந்து பாருங்கன்னு நான் கெஞ்சிட்டிருந்த வியாதியை ரெண்டு கையை வச்சே கூப்பிட்டுட்டான்.

விஷயம் இதுதான். இருட்டுனா கேமராவோட ஐஆர் எல்இடி, அதாவது இருட்டுல படம் தெரிய அகச்சிவப்பு வெளிச்சம் குடுக்குற குட்டி லைட்டெல்லாம் எரியும், அப்ப அது இழுக்குற கரன்ட் பகலை விட ரெண்டு மூணு மடங்கு ஆகும். ஒயர் மெல்லிசா இருந்தாலோ ஜாயின்ட் கெட்டிருந்தாலோ, கரன்ட் கூடக் கூட வழியிலயே வோல்டேஜ் தின்னு தீத்துடும். மீட்டர் வச்சுக் காட்டுனான். எஸ்எம்பிஎஸ் கிட்ட 12.1 வோல்ட். கேட் கேமரா கிட்ட, ஐஆர் எரியாதப்ப 11. கையால பொத்துனா 9.2, அதுவும் நிக்காம ஆடுது. பல கேமரா ஸ்பெக்ல 12 வோல்ட், கூட குறைய 25 சதவீதம்னு போட்டிருப்பாங்க, அதாவது 9 வோல்ட் வரைக்கும் மூச்சைப் பிடிச்சுட்டு ஓடும். நம்மது ராத்திரி முழுக்க அந்த விளிம்புலதான் தொங்கிட்டு இருந்திருக்கு. இதுல எந்தப் புதுக் கேமரா மாட்டுனாலும் அதே கதிதான்.

அப்புறம் ஜாயின்ட். கேட் தூண் பக்கத்துல ஒயர் பத்தாம ஒட்டு போட்டிருக்காரு. கருப்பு டேப்பைப் பிரிச்சா கோந்து கையில இழுபட்டுக்கிட்டு வருது, உள்ள ரெண்டு கம்பியையும் வெறுமனே முறுக்கி விட்டிருக்கு, ஈயமும் இல்ல கனெக்டரும் இல்ல, மேல பச்சையா மாவு மாதிரி பூத்துப்போய் தொட்டா உதிருது. தம்பி பிளேடால கம்பியை லேசா சுரண்டுனான். மேல செம்பு நிறம் போச்சு, உள்ள வெள்ளை. அலுமினியக் கம்பி மேல செம்பு பூச்சு. பில்லுல ‘காப்பர் கேபிள்’னு எழுதியிருக்கு! அதே தடிமன்ல நல்ல செம்பை விட இதுல ரெசிஸ்டன்ஸ் (கரன்ட்டைத் தடுக்கறது) பாதிக்கும் மேல கூடுதல், ஒடிஞ்சும் போகும். மொத தடவை கேமரா மாத்துனப்ப இதே ஜாயின்ட்டைப் பிரிச்சு மறுபடி முறுக்கியிருக்காரு, அதான் ரெண்டு நாள் நல்லா ஓடுச்சு. அப்ப அவரு கண்ணுல இந்தப் பச்சை படாமலா இருந்திருக்கும்? எனக்கு நம்பிக்கை இல்ல.

சரி பண்ணது ஒரு மதியம்தான் ஆச்சு. பவருக்கு மட்டும் தடியான செம்பு ஒயர் தனியா இழுத்து, ஒட்டே இல்லாம, கேமரா பின்னாடி மூடி போட்ட பெட்டிக்குள்ள கனெக்டர் வச்சு முடிச்சான். ஒயரை பெட்டிக்குள்ள நுழையறதுக்கு முன்னாடி கீழ தொங்கற மாதிரி ஒரு வளைவு விட்டான், மழைத்தண்ணி ஒயரைப் புடிச்சுக்கிட்டே உள்ள போகாம அங்கயே சொட்டிடும். ராத்திரி ஐஆர் எரியறப்ப 11.7. கோடு இல்ல.

இதுக்கப்புறம்தான் எனக்கு சந்தேகப் பேய் புடிச்சு ஒவ்வொண்ணா நோண்ட ஆரம்பிச்சேன். டிவிஆர் மெனுவுல ஹார்ட் டிஸ்க் செட்டிங் உள்ள ‘ஸ்மார்ட்’னு ஒண்ணு இருக்கும், அதுல ‘பவர் ஆன் ஹவர்ஸ்’னு ஒரு வரி, டிஸ்க் இதுவரைக்கும் எத்தனை மணி நேரம் ஓடியிருக்குன்னு அதுவே எண்ணி வச்சிருக்கும். ‘புது’ டிஸ்க் மாட்டி பத்து நாள் ஆச்சு, 240 மணி நேரத்தைத் தாண்ட வழியில்ல. அதுல இருந்தது 31,000 சொச்சம். வருஷத்துக்கு 8,760 மணி நேரம், கணக்கு போட்டுக்கோங்க, மூணரை வருஷம் இராப்பகலா எங்கயோ ஓடுன டிஸ்க். டிவிஆரும் அப்படித்தான். பழசு முழு 1080, அதாவது 1920 க்கு 1080. புதுசுல ரெக்கார்டிங் செட்டிங்ல ‘1080 லைட்’தான் இருக்கு, அது 960 க்கு 1080, அகலத்துல பாதிப் புள்ளிதான், அதைப் பிடிச்சு இழுத்து டிவியில காட்டுது. வண்டி நம்பர் ஏன் முன்ன மாதிரி தெரியலன்னு அப்பா கேட்டப்ப கண்ணாடி பவர் செக் பண்ணுங்கப்பான்னு சொன்ன பாவி நான்.

ஆனா ராத்திரி படம் கெட்டா எல்லாமே ஒயர்தான்னு நினைச்சுடாதீங்க. லென்ஸ் முன்னாடி சிலந்தி வலை கட்டுனா ஐஆர் வெளிச்சம் அதுல பட்டுத் திரும்பி படமே வெள்ளையா பனி மூட்டமா ஆகும், துடைச்சா போச்சு, அதுக்கு யாரும் காசு கேட்டா குடுக்காதீங்க. பகல்லயே செடியெல்லாம் ரோஸ் கலர்ல தெரிஞ்சா உள்ள இருக்குற ஐஆர் ஃபில்டர் (பகல்ல ஐஆரைத் தடுக்குற கண்ணாடி, அது நகர்றதுதான் அந்த ‘டக்’ சத்தம்) நகராம மாட்டிக்கிச்சுன்னு அர்த்தம், அது நிஜமாவே கேமரா கோளாறு. அகலமான பட்டை ஒண்ணு மெதுவா மேலயோ கீழயோ ஏறி இறங்கிட்டே இருந்தா பெரும்பாலும் எர்த் பிரச்சினை, கிரவுண்ட் லூப்ம்பாங்க. போன்ல மட்டும் மங்கலா இருந்தா ஆப் சப் ஸ்ட்ரீம்ல (தரத்தைக் குறைச்சு அனுப்புற படம்) ஓடுது, மெயினுக்கு மாத்துங்க. ஐபி கேமரால படம் கட்டம் கட்டமா சிதறி சாம்பலா இழுத்துக்கிட்டுப் போனா டேட்டா வழியில தவறுது, மொதல்ல ஆர்ஜே45 கிரிம்ப்பை, அதாவது நெட் ஒயர் முனையில அழுத்திப் போட்ட பிளக்கைப் பாருங்க. எதுவா இருந்தாலும் கேமராவைக் கழட்டி டிவிஆர் பக்கத்துலயே ஒரு சின்ன ஒயர்ல மாட்டி ஒரு ராத்திரி ஓட விடுங்க. அங்க நல்லா ஓடுச்சுன்னா கேமரா மேல பழி போட முடியாது.

ஆளுக்குப் போன் போட்டு மீட்டர் ரீடிங்கும் டிஸ்க் மணிக்கணக்கும் சொன்னேன். "சார், வீடியோ பாத்துட்டு வந்து என்கிட்ட பேசாதீங்க"ன்னு கட் பண்ணிட்டாரு. கடுப்புல ஆப்ல டிவிஆரை என் பேர்ல சேக்கப் போனா ‘இந்த டிவைஸ் ஏற்கனவே வேற அக்கவுண்ட்ல இருக்கு’ன்னு வருது. அவரோட அக்கவுண்ட்! எங்களுக்கு வெறும் ஷேர் குடுத்திருக்காரு, அட்மின் பாஸ்வேர்டும் அவருகிட்ட. இத்தனை நாளா எங்க வீட்டு வாசலை அவரு போன்ல உக்காந்துக்கிட்டே பாத்திருக்கலாம். அன்னிக்கே டிவிஆர்ல இருந்து நெட் ஒயரைப் புடுங்கிட்டேன். கஸ்டமர் கேர்ல பேசி பில்லும் சீரியல் நம்பர் போட்டோவும் அனுப்பி அந்த அக்கவுண்ட்ல இருந்து எடுக்க வச்சு, ரீசெட் பண்ணி, என் பேர்ல மாத்த நாலு நாள் ஆச்சு. உங்க வீட்டுது யார் பேர்ல இருக்குன்னு இப்பவே ஆப்பைத் திறந்து பாருங்க.

இன்னும் ஒண்ணு பாக்கி. அவரு எடுத்துட்டுப் போன பழைய டிஸ்க்ல மூணு வாரத்து ரெக்கார்டிங் அப்படியே இருக்கு, நாங்க எத்தனை மணிக்கு வீட்டைப் பூட்டிட்டுப் போறோம் எத்தனை மணிக்கு வர்றோம்னு எல்லாம். கேட்டா "ஸ்கிராப்ல போட்டுட்டேன்"ங்கறாரு. ஞாயித்துக்கிழமை தம்பியையும் கூட்டிட்டு நேர்லயே போறோம்.