எம்.எம்.ஐ.யா, குழு நேர்காணலா? பிரிட்டனில் மருத்துவம் படிக்க விண்ணப்பிப்பவர்களுக்கு ஓர் அலசல்

பிரிட்டனில் மருத்துவம் படிக்க விரும்பும் பிள்ளை அக்டோபர் 15ஆம் தேதிக்குள் பல்கலைக்கழகச் சேர்க்கைக்கான பொது விண்ணப்ப அமைப்பான யூகாஸ் வழியாக விண்ணப்பித்துவிட வேண்டும். ஐந்து இடங்களைக் குறிக்கலாம் என்றாலும் மருத்துவத்துக்கு நான்குதான். அந்த நான்கைத் தேர்ந்தெடுக்கும்போது நம் வீடுகளில் பேசப்படுவது கல்லூரியின் பெயரும் வீட்டிலிருந்து எவ்வளவு தூரம் என்பதும்தான். அங்கே எந்த வகை நேர்காணல் நடக்கிறது என்று கேட்பவர்கள் மிகக் குறைவு. சில ஆண்டுகளாக மாணவர்களுக்கு மாதிரி நேர்காணல் வைத்து வருபவன் என்ற முறையில் சொல்கிறேன்: அந்தக் கேள்வியை முதலிலேயே கேட்க வேண்டும். இப்போது நடைமுறையில் உள்ள இரு வகை நேர்காணல்களும் (ஒன்று குழு நேர்காணல்; மற்றது எம்.எம்.ஐ., அதாவது ‘மல்டிபிள் மினி இன்டர்வியூ’ எனப்படும் பல குறு நேர்காணல்கள்) வெவ்வேறு திறமைகளை அளக்கின்றன. ஒன்றுக்காகச் செய்த தயாரிப்பு இன்னொன்றில் பாதிகூட உதவாது.

குழு நேர்காணல் நம் பெற்றோருக்கு எளிதில் புரியும். எதிரே இரண்டு முதல் நான்கு பேர், இருபது முப்பது நிமிடம், ஒரே தொடர்ச்சியான உரையாடல். விண்ணப்பத்தில் மாணவர் தன்னைப் பற்றி எழுதிய பெர்சனல் ஸ்டேட்மென்ட் பெரும்பாலும் அவர்கள் கையில் இருக்கும். அதிலுள்ள ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு ஆழமாகப் போவார்கள்.

எம்.எம்.ஐ. என்பது ஒரே நேர்காணலைப் பல துண்டுகளாக உடைத்த வடிவம். ஆறு, எட்டு, பத்து என்று நிலையங்கள் இருக்கும். ஒவ்வொன்றிலும் ஐந்து முதல் எட்டு நிமிடம். கதவருகே ஒட்டியிருக்கும் தாளை ஓரிரு நிமிடம் படிக்கலாம்; மணி அடித்ததும் உள்ளே போக வேண்டும்; மறுபடி அடித்ததும் பேச்சைப் பாதியிலேயே நிறுத்திவிட்டு அடுத்த கதவுக்கு நகர வேண்டும். ஓர் அறையில் மருத்துவ அறம் பற்றிய கேள்வி இருக்கும். அடுத்த அறையில் ஒரு வரைபடம் தருவார்கள். அதற்கடுத்த அறையில் ஒரு நடிகர் கோபமான நோயாளியாக உட்கார்ந்திருப்பார். ஒவ்வோர் அறையிலும் மதிப்பெண் போடுபவர் வேறு. முந்தைய அறையில் நீங்கள் சொதப்பியது அவருக்குத் தெரியாது. மான்செஸ்டர், லீட்ஸ், பர்மிங்ஹாம், லெஸ்டர், கிங்ஸ் காலேஜ் லண்டன் எல்லாம் இந்த வகையைப் பின்பற்றுபவை. ஆக்ஸ்போர்டும் கேம்பிரிட்ஜும் பழைய வகையில் நிற்கின்றன.

எம்.எம்.ஐ. பிறந்த இடம் கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்திலுள்ள மெக்மாஸ்டர் பல்கலைக்கழகம். அதை உலகுக்கு அறிமுகப்படுத்திய ஆய்வுக் கட்டுரை 2004இல் வெளிவந்தது. பத்து நிலையங்கள், ஒவ்வொன்றும் எட்டு நிமிடம், இடையில் இரண்டு நிமிடம் என்பதே அவர்கள் வடிவமைத்த முறை. மருத்துவ மாணவர்களின் செய்முறைத் தேர்வில் ஏற்கெனவே இருந்த சுற்றுமுறையைத்தான் சேர்க்கைக்குக் கொண்டுவந்தார்கள். காரணம் நியாயமானது. ஒரு மனிதர் ஒரு சூழலில் எப்படிப் பேசுகிறார் என்பதை வைத்து, வேறு சூழலில் அவர் எப்படி நடந்துகொள்வார் என்று கணிக்க முடியாது. எனவே பல சூழல்கள் வேண்டும், பல கண்கள் வேண்டும்.

பழைய முறையின் கணிப்பு எவ்வளவு பலவீனமானது என்பதற்கு அமெரிக்காவில் தற்செயலாக ஒரு சோதனை நடந்தது. 1979இல் ஹூஸ்டனில் உள்ள டெக்சாஸ் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரி, தன் 150 இடங்களையும் நிரப்பிய பிறகு, இன்னும் 50 பேரைச் சேர்க்கும்படி மாநிலச் சட்டமன்றம் கேட்டுக்கொண்டது. நல்ல தரவரிசை பெற்றிருந்தவர்கள் எல்லாரும் வேறு கல்லூரிகளில் சேர்ந்துவிட்டார்கள். வேறு வழியின்றி, நேர்காணல் செய்யப்பட்ட சுமார் 800 பேரில் 700க்குப் பிந்தைய இடங்களில் இருந்தவர்களைச் சேர்த்தார்கள். படிப்பிலும் மருத்துவமனைப் பயிற்சியிலும் முதல் 150 பேருக்கும் இந்த 50 பேருக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு தென்படவில்லை. 1987இல் இது கட்டுரையாக வெளியானது. அந்த 50 பேரையும் ‘தகுதி போதாது’ என்று தள்ளிவைத்தது ஒரு நேர்காணல் குழுதான் என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் வருத்தமாக இருக்கிறது.

தமிழ்நாட்டிலும் மருத்துவச் சேர்க்கைக்கு ஒரு காலத்தில் நேர்காணல் இருந்தது என்பது இளைய தலைமுறைக்குத் தெரியாது. 1970களின் தொடக்கத்தில் பெரியகருப்பன் வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்த முறையைக் கண்டித்தது. ஒவ்வொரு தகுதிக்கும் தனித்தனியாக மதிப்பெண் தராமல் மொத்தமாக ஓர் எண்ணைப் போட்டுவிட்டார்கள் என்பது அதில் எழுந்த முக்கியமான குறைகளில் ஒன்று. எம்.எம்.ஐ. செய்வது சரியாக இதற்கு நேர்மாறானது: தகுதிகளைப் பிரித்து, தனித்தனி ஆள் வைத்து, தனித்தனியாக மதிப்பெண் போடுகிறது. 2012இல் வெளியான கனடிய ஆய்வொன்றில், எம்.எம்.ஐ. அடங்கிய சேர்க்கை முறையில் தேர்வானவர்கள் பின்னர் தேசிய உரிமத் தேர்வுகளிலும் கூடுதல் மதிப்பெண் எடுத்திருந்தார்கள். நியாயம் என்ற அளவுகோலை மட்டும் வைத்துக் கேட்டால் என் ஓட்டு எம்.எம்.ஐ.க்குத்தான்.

அதற்காக அது எல்லாருக்கும் வசதியானது என்று சொல்லமாட்டேன். புதிய முகத்தோடு பழகக் கொஞ்சம் நேரம் எடுக்கும் பிள்ளைக்கு ஒவ்வொரு கதவும் ஒரு புதுத் தொடக்கம். அவன் இயல்புக்கு வருவதற்குள் மணி அடித்துவிடும். குழு நேர்காணலில் முதல் ஐந்து நிமிடம் தடுமாறினாலும், குழுவில் ஒருவர் புன்னகைத்து எளிய கேள்வி ஒன்று கேட்டால் மீண்டுவிடலாம். மாறாக, தொடக்கத்தில் விழுந்த தவறான எண்ணம் கடைசிவரை நீடிக்கும் ஆபத்தும் அதே அறையில்தான் இருக்கிறது.

ஆக்ஸ்போர்டையும் கேம்பிரிட்ஜையும் இந்தக் கணக்கில் தனியாக வைக்க வேண்டும். ஒரே ஆண்டில் இரண்டில் ஒன்றுக்குத்தான் விண்ணப்பிக்க முடியும். அங்கே நடக்கும் நேர்காணல் பெரும்பாலும் ஓர் அறிவியல் வகுப்பைப் போல இருக்கும். ஆக்ஸ்போர்டு முன்பு வெளியிட்ட மாதிரிக் கேள்வி ஒன்றைச் சொல்கிறேன்: வங்கதேசம், ஜப்பான், தென்னாப்பிரிக்கா, பிரிட்டன் ஆகிய நாடுகளை, ஆயிரம் பேருக்கு எத்தனை மரணம் என்ற கணக்குப்படி வரிசைப்படுத்துங்கள். ஏழை நாடு என்பதால் வங்கதேசத்தை மேலே வைக்கத் தோன்றும். ஆனால் அங்கே இளையோர் அதிகம். ஜப்பானில் முதியோர் அதிகம். வயதுப் பங்கீட்டை நினைத்துப் பார்த்தால் வரிசை புரண்டுவிடும். முதலில் தவறாகச் சொல்வது அங்கே குற்றமில்லை. ஆசிரியர் ஒரு குறிப்பைத் தந்ததும் அதை வைத்துக்கொண்டு உரக்க யோசித்துத் திருத்திக்கொள்கிறாரா என்றுதான் பார்க்கிறார்கள். தவறு செய்தால் மதிப்பெண் போய்விடும் என்று பழகிய பிள்ளைகள், இங்கே யோசனையை மனதுக்குள்ளேயே முடித்து விடையை மட்டும் சொல்வார்கள். அது பெரிய இழப்பு.

யாருக்கு எது பொருந்தும்? உயிரியல், வேதியியல் கேள்விகளை விடை தெரியாமலே துருவிக்கொண்டிருப்பதில் இன்பம் காணும் பிள்ளைக்கு ஆக்ஸ்போர்டு வகை. கடையில் பகுதிநேர வேலை பார்த்து, கோயிலில் அன்னதானம் பரிமாறி, தம்பி தங்கையைப் பார்த்துக்கொண்டு, மனிதர்களோடு புழங்கிய பிள்ளைக்கு எம்.எம்.ஐ. குடும்பத்தில் முதன்முதலாக மருத்துவம் படிக்கப்போகும் பிள்ளைகளை நான் தயங்காமல் எம்.எம்.ஐ. பக்கம்தான் அனுப்புவேன். மருத்துவர் வீட்டில் வளர்ந்த பிள்ளைக்குச் சாப்பாட்டு மேசையிலேயே கிடைக்கும் பேச்சுப் பழக்கம், நீண்ட உரையாடலில் அளவுக்கு மீறிக் கைகொடுக்கிறது. நான்கில் ஒன்று வேண்டுமானால் ஆக்ஸ்போர்டாகவோ கேம்பிரிட்ஜாகவோ இருக்கட்டும். மற்ற மூன்றையும் ஒரே வகையில் வைத்தால் தயாரிப்பு சிதறாது.

தயாரிப்பில்தான் வேறுபாடு கண்கூடாகத் தெரியும். குழு நேர்காணலுக்கு முதல் வேலை, தான் எழுதியதைத் தானே திரும்பப் படிப்பது. 2026 சேர்க்கையிலிருந்து பெர்சனல் ஸ்டேட்மென்ட் மூன்று கேள்விகளாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. மொத்தம் 4,000 எழுத்துகள் என்ற வரம்பு மாறவில்லை. அதில் ஒரு கட்டுரையைப் படித்தேன் என்று எழுதியிருந்தால், அந்தக் கட்டுரையோடு பத்து நிமிடம் வாதாடத் தெரிந்திருக்க வேண்டும். எம்.எம்.ஐ.யில் மதிப்பீட்டாளர் பெரும்பாலும் அதைப் பார்த்திருக்கவே மாட்டார். ஆகையால் உங்கள் அனுபவத்தை நீங்களேதான் அறைக்குள் கொண்டுவர வேண்டும்.

எம்.எம்.ஐ.யில் நம் பிள்ளைகள் அதிகம் இடறுவது நடிகர் இருக்கும் அறையில். பக்கத்து வீட்டுக்காரரின் பூனைமீது கார் ஏற்றிவிட்டீர்கள், அவரிடம் சொல்லுங்கள் என்பது பலரும் பயிற்சிக்கு எடுத்துக்கொள்ளும் சூழல். உள்ளே போனதும் பிள்ளைகள் ‘உங்கள் உணர்வு எனக்குப் புரிகிறது’ என்று ஆரம்பிக்கிறார்கள். அந்த வாக்கியத்தை அந்த நடிகர் காலையிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறார். நடந்ததைச் சுற்றிவளைக்காமல் சொல்லி, மன்னிப்புக் கேட்டு, பிறகு வாயை மூடிக்கொண்டு அவர் பேசுவதைக் கேட்க வேண்டும். அந்த மௌனத்தைத் தாங்குவதுதான் கடினம். அதைப் பழக்கிக்கொள்ள, உங்களை நன்கு அறியாத ஒருவரை எதிரே உட்காரவைத்துப் பேசிப் பார்ப்பதைவிட நல்ல வழியை நான் கண்டதில்லை. பெற்றோர் எதிரே உட்கார்ந்தால் பிள்ளை நடிக்கும், பெற்றோர் திருத்துவார்கள். பயன் இராது.

அனுபவம் என்றதும் மருத்துவமனையில் யாரையாவது பிடித்து ஒரு வாரம் அறுவைச் சிகிச்சை அரங்கில் நிற்க ஏற்பாடு செய்ய வேண்டும் என்று பெற்றோர் அலைகிறார்கள். கல்லூரிகள் அதைக் கட்டாயமாகக் கேட்பதில்லை. முதியோர் இல்லத்தில் வாரம் ஒரு மாலை தொடர்ந்து போய்வந்த பிள்ளைக்குச் சொல்ல எவ்வளவோ இருக்கிறது. மருத்துவரை அருகிலிருந்து பார்க்க வாய்ப்பே இல்லாதவர்களுக்குக் குடும்ப மருத்துவர்களின் ராயல் கல்லூரி ‘அப்சர்வ் ஜி.பி.’ என்ற இணையப் பாடத்தை இலவசமாகத் தருகிறது.

இதில் நம் பிள்ளைகளிடம் ஒரு செல்வம் இருக்கிறது. அவர்கள் அதைச் செல்வமாக நினைப்பதில்லை. லண்டனில் ஹாரோவிலும் ஈஸ்ட் ஹாமிலும் வளரும் எத்தனையோ பிள்ளைகள் பன்னிரண்டு வயதிலிருந்தே அம்மம்மாவுக்காக மருத்துவரிடம் மொழிபெயர்த்திருக்கிறார்கள். “அம்மம்மாவோட போயிருக்கிறேன், உதவி செய்திருக்கிறேன்” என்று ஒரே வரியில் கடந்துவிடுகிறார்கள். கொஞ்சம் தோண்டினால்தான் வெளியே வரும்: மருத்துவர் சொன்ன கெட்ட செய்தியை அப்படியே சொல்வதா, மென்மையாக்குவதா என்று தவித்தது, அம்மம்மா பேரனுக்கு முன்னால் சொல்லக் கூச்சப்பட்ட வலி, இதற்காகத்தான் தொழில்முறை மொழிபெயர்ப்பாளர் தேவை என்று பிறகு புரிந்தது. நோயாளியின் ஒப்புதல், இரகசியம், நேர்மை ஆகிய மூன்றும் அந்த ஓர் அனுபவத்துக்குள் இருக்கின்றன. எந்தப் பயிற்சி வகுப்பும் இதைக் கற்றுத்தராது.

அறக் கேள்விகள் இரு வகையிலும் வரும். சில அடிப்படைகள் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும். 16 வயதுக்குக் கீழ்ப்பட்டவர் சிகிச்சைக்குத் தானே சம்மதிக்க முடியுமா என்பதைப் பேசிய 1985இன் கில்லிக் தீர்ப்பு. நோயாளிக்கு முக்கியமாகப் படக்கூடிய ஆபத்துகளை மருத்துவர் எடுத்துச் சொல்லியே ஆக வேண்டும் என்ற 2015இன் மான்ட்கோமரி தீர்ப்பு. இங்கிலாந்தில் 2020 மே மாதம் முதல், மறுப்புத் தெரிவிக்காதவரை உறுப்பு தானத்துக்குச் சம்மதம் என்றே கொள்ளப்படுகிறது. அப்படியும் குடும்பத்தாரிடம் பேசுகிறார்களே, ஏன்? எம்.எம்.ஐ.யில் இதற்கு இருபக்க வாதத்தையும் ஐந்து நிமிடத்துக்குள் ஒழுங்காக வைத்துத் தன் முடிவைச் சொல்ல வேண்டும். குழுவில் முடிவைச் சொன்ன பிறகுதான் விசாரணையே தொடங்கும்.

பணம் கட்டிப் படிக்கும் பயிற்சி வகுப்புகள் பற்றிக் கேட்கிறார்கள். குழு நேர்காணலுக்கு அவை கொஞ்சமும் தேவையில்லை என்பது என் உறுதியான கருத்து. பள்ளி ஆசிரியர் ஒருவரும் படிப்பில் ஆர்வமுள்ள நண்பர் ஒருவரும் போதும். எம்.எம்.ஐ.க்கு மணி அடித்து நகரும் பழக்கம் ஒரு முறையாவது வேண்டும். அதற்கும் ஐந்தாறு விண்ணப்பதாரர்கள் ஒரு சமூகக்கூடத்தில் சேர்ந்து, மாறிமாறி நோயாளியாகவும் மதிப்பீட்டாளராகவும் உட்கார்ந்தால் போதும். மதிப்பெண் போடும் இடத்தில் ஒருமுறை உட்கார்ந்த பிள்ளைக்குத் தன் பதில் எங்கே நீள்கிறது என்பது சட்டென்று புரிந்துவிடும்.

இவ்வளவும் நேர்காணல் அழைப்பு வந்தால்தான். அழைப்பைத் தீர்மானிப்பதில் மருத்துவச் சேர்க்கைக்கான நுழைவுத் தேர்வான யூகேட்டுக்குப் பெரும் பங்கு உண்டு. பீமேட் என்ற இன்னொரு நுழைவுத் தேர்வு 2023உடன் நின்றுவிட்டதால் ஆக்ஸ்போர்டும் கேம்பிரிட்ஜும்கூட இப்போது யூகேட்டைத்தான் கேட்கின்றன. 2025 முதல் வடிவங்களைக் கண்டறியும் பகுதி நீக்கப்பட்டு, மொத்த மதிப்பெண் 2,700 ஆகியிருக்கிறது. ஒரு சூழலில் எப்படி நடந்துகொள்வது சரி என்று கேட்கும் சூழல் தீர்ப்புப் பகுதிக்கு மட்டும் 1 முதல் 4 வரை தரநிலை. கடைசியான நான்காம் தரநிலை வந்தால் விண்ணப்பத்தை அப்படியே ஒதுக்கிவிடும் கல்லூரிகள் பல. மதிப்பெண் அக்டோபர் 15க்கு முன்பே கையில் இருக்கும். ஆகவே நான்கு கல்லூரிகளின் சேர்க்கைப் பக்கங்களையும் அந்த மதிப்பெண்ணோடு அருகருகே வைத்துப் பாருங்கள்: யூகேட்டுக்கு எவ்வளவு எடை, நேர்காணல் எந்த வகை, நேரிலா இணையத்திலா, எந்த மாதத்தில். டிஸ்லெக்ஸியா போன்ற சிரமம் உள்ள பிள்ளையானால், எம்.எம்.ஐ.யில் கதவருகே உள்ள தாளைப் படிக்கக் கூடுதல் நேரம் கேட்கலாம். அழைப்பு வந்தவுடனேயே அதை எழுதிக் கேட்டுவிடுங்கள்.