ஏதென்ஸில் மீன் ஆர்டர் செய்யும் முன் தராசைப் பாருங்கள்

கிரீஸுக்கு டிக்கெட் போட்டு வைத்திருப்பவர்கள் தயவுசெய்து இதைப் படித்துவிட்டுக் கிளம்புங்கள். கடந்த அக்டோபரில் ஏதென்ஸில் ஒரு வேளை சாப்பாட்டுக்கு 230 யூரோ கொடுத்துவிட்டு வந்தோம். நான், மனைவி, அம்மா, மூன்றே பேர். அதில் அம்மா சைவம்.

அன்று பிற்பகல் அக்ரோபோலிஸ் என்ற பழைய கோட்டைக் குன்றில் ஏறினோம். சீட்டு ஆளுக்கு 30 யூரோ. ஏறும் நேரத்தையும் முன்பே பதிவு செய்ய வேண்டும். மேலே இருக்கும் பழைய கோயிலான பார்த்தெனானுக்குக் கூரை ஏன் இல்லை என்று அம்மா கேட்டார். 1687-ல் துருக்கியர் அதற்குள் வெடிமருந்தைச் சேர்த்து வைத்திருந்ததையும், முற்றுகையிட்ட வெனிஸ் படையின் குண்டு அதில் விழுந்ததையும் சொன்னேன். "இத்தனை நூறு வருஷம் நின்னது, ஒரு குண்டுலயா போச்சு?" என்று அங்கேயே ஒரு கல்லில் உட்கார்ந்துவிட்டார். கீழே இறங்கும்போது அவருக்கு முட்டி வலி. குன்றடியில் இருக்கும் ப்ளாக்கா என்ற பழைய பகுதியின் சந்துகளில் நாலு கடை பார்த்துத் தேர்ந்தெடுக்கும் நிலையில் நாங்கள் இல்லை.

ஒரு சாப்பாட்டுக் கடையின் வாசலில் நின்று ஆள் கூப்பிடுகிறவர் அதைக் கவனித்திருப்பார் என்று இப்போது தோன்றுகிறது. ஓடிவந்து அம்மாவுக்கு நாற்காலி இழுத்துப் போட்டார். விளக்கு போட்ட அக்ரோபோலிஸ் நேர் எதிரே தெரிந்தது. மெனுவைத் திறப்பதற்குள் ரொட்டியும் இரண்டு பெரிய தண்ணீர் பாட்டிலும் வந்துவிட்டன. "ரொட்டிக்குத் தனிக் காசா?" என்று மனைவி கேட்டாள். பரிமாறியவர் "நே, நே" என்றார். எங்கள் காதில் அது 'நோ' என்று விழுந்தது. கிரேக்கத்தில் 'நே' என்றால் ஆமாம். இல்லை என்பதற்கு 'ஓஹி'. சில சமயம் வாயே திறக்காமல் புருவத்தை உயர்த்தி, தலையைப் பின்னால் சாய்த்து, நாக்கால் ஒரு 'ச்' கொட்டுவார்கள். அதுவும் இல்லை என்றுதான் அர்த்தம். ரொட்டி விஷயத்தில் அவர் பொய் சொல்லவில்லை, எங்களுக்குத்தான் தெரியவில்லை. அதற்குமேல் நடந்தது அப்படியில்லை.

அம்மாவுக்கு என்ன கிடைக்குமோ என்று ஊரிலிருந்தே கவலைப்பட்டிருந்தேன். தேவையே இல்லை. ஃபாவா என்று ஒன்று, மஞ்சள் பருப்பை வேகவைத்து மசித்து, ஆலிவ் எண்ணெயும் வெங்காயமும் போட்டுத் தருகிறார்கள். நம் பருப்புக் கடையல்தான். ஹோர்த்தா என்பது வேகவைத்த கீரை, எலுமிச்சை பிழிந்து சாப்பிடுவது. திராட்சை இலையில் வெறும் அரிசி வைத்துச் சுருட்டிய டொல்மாடாகியாவும் உண்டு. அதைக் கறி வைத்தும் செய்வார்கள், கேட்டுக்கொள்ளுங்கள். இன்னொன்று, 'நிஸ்தீசிமோ' என்று எழுதியிருந்தால் சைவம் என்று நம்பிவிட வேண்டாம். அது அவர்களுடைய நோன்புச் சாப்பாடு. கறி, பால், முட்டை இருக்காது, ஆனால் கணவாயும் இறாலும் இருக்கலாம்.

சரி, மீனுக்கு வருகிறேன். நாங்கள் இருவரும் மெனுவில் கை வைத்து ஏதோ சாதாரண வறுவல் கேட்டோம். "அதெல்லாம் ஐஸில் வைத்தது, இன்று காலை பிடித்த ஃபாக்ரி இருக்கிறது, உங்கள் இருவருக்கும் அளவாக ஒரு சின்ன மீன் சுட்டுத் தருகிறேன்" என்றார் பரிமாறியவர். நான் விலை கேட்டேன். "மீன் விலைதான், கவலைப்படாதீர்கள்" என்று தோளில் தட்டிவிட்டுப் போனார். மீனை எங்களிடம் காட்டவில்லை, எடை போடவும் கூப்பிடவில்லை. நானும் எழுந்து போகவில்லை. நான் விட்ட இடம் இதுதான்.

சாப்பிட்டு முடித்ததும் மூன்று சிறு கிளாஸில் ஊசோ என்ற சோம்பு மணக்கும் மது வந்தது. "எங்கள் வீட்டு உபசாரம்" என்றார். அம்மா தொடவில்லை.

அப்புறம் ஒரு துண்டுச் சீட்டில் கையால் எழுதிய கணக்கு வந்தது. மீன் 1 கிலோ 650 கிராம், கிலோ 95 யூரோ, ஆக 156.75. ஊசோ மூன்றுக்கு 15. ரொட்டி 7.50, தண்ணீர் 6. அம்மாவின் மூன்று தட்டு, ஒரு சாலட், ஒரு தயிர்ப் பச்சடி சேர்த்து 45. எல்லாவற்றின் மேலும் பத்து சதவீதம் 'சர்வீஸ்'. மொத்தம் 253 யூரோவும் சில்லறையும், நம் காசில் 25,000 ரூபாய்க்கு மேல். எங்கள் தட்டுக்கு வந்த மீன் ஒன்றரைக் கிலோவுக்கு மேல் இருந்திருக்கும் என்று என்னால் நம்பவே முடியவில்லை. ஆனால் முள் மட்டும் மிஞ்சிய பிறகு எதை வைத்து வாதாடுவது? கத்திப் பேசியதில் சர்வீஸை மட்டும் கழித்து 230 ஆக்கினார். கார்டு மெஷின் வேலை செய்யவில்லை என்று சொல்லி ரொக்கமாகவே வாங்கிக்கொண்டார். பில் கேட்டதற்கு அந்தத் துண்டுச் சீட்டையே நீட்டினார்.

நாங்கள் தங்கியிருந்த ஹோட்டலின் வரவேற்பில் இருந்த பெண்ணிடம் மனைவி பொறுக்காமல் சொல்லிவிட்டாள். அம்மாவுக்குக் காட்டுவதற்காக மெனுவை அவள் படம் பிடித்து வைத்திருந்தாள். அந்தப் பெண் கடைசிப் பக்கத்தைப் பெரிதாக்கி ஒரு வரியைக் காட்டினார். முறையான ரசீது தராவிட்டால் வாடிக்கையாளர் பணம் கொடுக்க வேண்டியதில்லை என்று கடைக்காரரே அச்சடித்திருந்தார்! கிரீஸில் மெனுக்களில் இந்த வாசகத்தைப் போட்டிருப்பார்கள். மெனு விலையிலேயே வரியும் சர்வீஸும் அடக்கம் என்றும், கேட்காமல் வந்த ரொட்டியைத் திருப்பி அனுப்பலாம் என்றும், ஏதென்ஸில் குழாய்த் தண்ணீரே குடிக்கலாம், ஒரு ஜாடி கேட்டால் போதும் என்றும் சொன்னார். சுற்றுலாக் காவல்துறையின் எண் 1571. மேசையில் உட்கார்ந்திருக்கும்போதே, காசு கையில் இருக்கும்போதே அதைக் கூப்பிட்டிருக்க வேண்டுமாம். இந்த எண்ணை இப்போதே போனில் போட்டு வையுங்கள். விமான நிலையத்திலிருந்து நகர மையத்துக்கு டாக்சி பகலில் 40 யூரோ, நள்ளிரவுக்கு மேல் 55 என்று அரசே நிர்ணயித்திருக்கிறது, அதையும் ஏறும் முன் சொல்லிவிடுங்கள்.

எனக்குக் கோபம் பணத்துக்காக மட்டும் இல்லை. கிரேக்கத்தில் 'க்ஸெனோஸ்' என்ற ஒரே சொல் அந்நியனையும் விருந்தாளியையும் குறிக்கும். நம் 'விருந்து' என்ற சொல்லுக்கும் புதுமை, புதிதாக வந்தவர் என்பதுதானே பழைய பொருள்? வழிப்போக்கனுக்குக் காவலாகத் தங்கள் தலைமைக் கடவுள் ஜியூஸையே நிறுத்திய ஊர் அது. அந்த உபசாரத்தின் பெயரைச் சொல்லி ஊசோவுக்குக் காசு வாங்கியதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

மறுநாள் பிரேயஸ் துறைமுகத்திலிருந்து கப்பல் பிடித்து ஏகினா தீவுக்குப் போனோம். அங்கே மீன் சந்தையை ஒட்டிய ஒரு சின்னக் கடை. இந்த முறை நானே உள்ளே போய் மீனைக் காட்டச் சொன்னேன். கடைக்காரருக்கு அதில் கொஞ்சமும் வருத்தம் இல்லை. அங்கே அதுதான் பழக்கம், மீனை நாமே பார்த்து எடுப்பதும், சுத்தம் செய்யும் முன் நம் கண்ணெதிரே எடை போடுவதும். சிப்பூரா என்ற மீனில் இரண்டு எடுத்தேன். தராசில் 780 கிராம் காட்டியது. கிலோ 50 யூரோ. சீட்டில் 39 என்று எழுதி, என் தலையசைப்புக்குப் பிறகுதான் அடுப்புக்குப் போனார்.

முடித்து எழும்போது யாரும் கேட்காத ஒரு தட்டு வந்தது. ரவையை எண்ணெயில் வறுத்துச் சர்க்கரைப் பாகில் கிளறிய ஹல்வா, மேலே லவங்கப்பட்டைத் தூள். அம்மா ஒரு வாய் வைத்துவிட்டு, "ரவா கேசரிடா" என்றார். உடனே ஸ்பூனைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "இதுக்கு எவ்வளவுன்னு மொதல்ல கேளுப்பா."

கேட்டேன். கடைக்காரர் நெஞ்சில் கை வைத்து "கேராஸ்மா" என்றார். இலவசமாகத் தரும் உபசாரத்துக்கு அங்கே அதுதான் பெயர். மெஷினிலிருந்து வந்த ரசீதில் ஹல்வா இல்லை.