கோண்டாவிலில் குழாய்க்கிணறு அடிப்பித்த அனுபவம்

இந்த முறை நல்லூர்த் திருவிழாவோடு ஊருக்குப் போனபோது முக்கிய வேலை, யாழ்ப்பாணம் கோண்டாவிலில் தங்கச்சி கட்டுகிற வீட்டுக்குக் குழாய்க்கிணறு அடிப்பிப்பது. வெளிநாட்டிலிருந்து காசை அனுப்பி, ஃபோனிலேயே இந்த வேலையை முடிக்கிறவர்கள் பலர். அவர்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். அடிக்கிற அன்று உங்கள் ஆள் ஒருவர் வளவில் நிற்க வேண்டும்.

ஏனென்றால் கூலி அடிக்கணக்கில். முதலில் பேசிய குழு, "120 அடி போவம், ஆழம் போகப் போக நல்ல தண்ணி" என்றது. வவுனியாப் பக்கம் கருங்கல்லுக்குள் அடிக்கிறவர்களின் கணக்கு அது. யாழ்ப்பாணத்தில் செம்மண்ணுக்குக் கீழே மயோசீன் காலச் சுண்ணாம்புக்கல். மாரி மழை அதன் வெடிப்புகளிலும் பொந்துகளிலும் இறங்கி, கடல்நீருக்கு மேலே மிதந்து நிற்கிறது. நன்னீர் மட்டம் கடல் மட்டத்துக்கு மேலே ஓரடி இருந்தால், கீழே ஏறக்குறைய 40 அடிக்கு நன்னீர் என்பது புத்தகக் கணக்கு. பொந்து நிறைந்த கல்லில் அதுவும் குறையும். அதைத் தாண்டினால் காசும் கொடுத்து உவரும் வாங்குகிறோம். நிலாவரைக் கிணறும் அப்படித்தான்: மேலே நல்ல தண்ணி, ஆழத்தில் உப்பு.

சரி, அவர்களை விட்டுவிட்டு மாமா சொன்ன இன்னொருவரைக் கூப்பிட்டோம். அறுபது வயது மதிக்கலாம். மெசினை இறக்க முன்னமே அவர் கேட்டது, "பிள்ளை, கக்கூசுக் குழி எங்க வெட்டப் போறியள்?" மதிலுக்கு மேலால் எட்டி அயல் வீட்டுக் குழிகளையும் பார்த்தார். நூறடி தள்ளி இருந்தால் நல்லது என்றார். இரண்டு பரப்புக் காணியில் அதற்கு எங்கே இடம்? இருந்ததில் தூரமான மூலையைக் குறித்தார். இந்தக் கேள்வியைக் கேட்காத ஆளிடம் வேலையைக் கொடுக்காதீர்கள்.

அடிக்கத் தொடங்கியதும் வளவெல்லாம் வெள்ளைத் தூசி. ஈரம் பட்ட பிறகு அதுவே கஞ்சி மாதிரிப் பொங்கி வழிந்தது. ஓரிடத்தில் கம்பி திடீரென்று அரையடி தானாக இறங்க, மெசின் சத்தமே மாறியது. "பொந்து" என்றார். எங்களுக்குச் சந்தோசம், அவருக்கு யோசனை. பொந்து தண்ணியும் தரும், அடுத்த வளவு அழுக்கையும் வடிக்காமல் கொண்டுவரும். 45 அடியில், "இனி வேண்டாம்" என்று நிறுத்தினார். நிறுத்தியதால் கூலி குறைந்தது அவருக்குத்தான். அந்த நேர்மையை மனதார மதிக்கிறேன். மேல்பகுதிக்குப் பிவிசி குழாய் இறக்கி, சுற்றிவரச் சீமெந்தால் அடைத்தார். மோட்டரும் சின்னது போதும், காலையில் கொஞ்சம், பின்னேரம் கொஞ்சம் இறையுங்கள் என்றார். ஒரே மூச்சில் தாங்கியை நிரப்பினால் கீழே கிடக்கிற உவர் மேலே ஏறிவிடும்.

அப்புறம் தண்ணியை ஆய்வுகூடத்தில் சோதிக்கக் கொடுத்தோம். கிருமிச் சோதனைக்கு அவர்கள் தருகிற போத்தலில்தான் பிடிக்க வேண்டும். அங்கே இருந்த பெண் ஒவ்வொரு வரியாக விளங்கப்படுத்தினார். உப்பைக் காட்டுகிற குளோரைட்டு லீற்றருக்கு 250 மில்லிகிராம் என்ற எல்லைக்குள் இருந்தது. நைத்திரேற்று 50 என்ற எல்லையைத் தாண்டியிருந்தது. வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் போடுகிற உரமும், அடி திறந்த மலக்குழிகளும் தருவது இது. கொதிக்க வைத்தாலும் போகாது. கைக்குழந்தைக்கு அதில் பால்மா கரைக்கக் கூடாது.

தங்கச்சிக்கு இருப்பதோ கைக்குழந்தை. அதனால் குளிக்க, தோய்க்க, மரங்களுக்கு விட இந்தத் தண்ணி. குடிக்க வேறு. எங்கள் குழியையாவது அடியும் சீமெந்து போட்ட தாங்கியாகக் கட்டும்படி மேசனிடம் சொல்லி, அதற்கான காசையும் கொடுத்துவிட்டு வந்தேன். மாரியில்தான் உரம் கரைந்து கீழே இறங்கும் என்பதால், தை மாதம் மறுபடி சோதிக்கக் கொடுக்கிறோம்.