சுவருக்குள் பஞ்சு: இலவசம் என்று கையெழுத்து வைக்கமுன் இதை வாசியுங்கள்

வேல்ஸில், ஸ்வான்சியில் இருக்கிறோம். வீடு 1930களில் கட்டியது. கடலைப் பார்த்த மலைச்சரிவு. பக்கச் சுவர் முகடு வரைக்கும் ஒரு மறைப்பும் இல்லாமல் தென்மேற்கைப் பார்த்து நிற்கிறது. 2016 இல் கதவைத் தட்டியவர் முதலில் பார்த்திருக்க வேண்டியது அந்தச் சுவரைத்தான். அவர் கேட்டதோ மாதம் காஸ் பில் எவ்வளவு வருகிறது என்று.

சுவருக்குள் இன்சுலேஷன் (வீட்டுச் சூடு வெளியே போகாமல் தடுக்கும் பஞ்சு) அடித்துத் தருகிறோம், உங்களுக்கு ஒரு சதமும் செலவில்லை என்றார். திட்டம் பொய்யில்லை. 2013 இல் தொடங்கிய ‘ஈகோ’ என்ற ஏற்பாட்டின்படி பெரிய மின்சார, காஸ் கம்பனிகள் இப்படியான வேலைகளுக்குக் காசு கொடுத்தே ஆகவேண்டியிருந்தது. தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாதாம். நானும் பார்க்கவில்லை.

சர்வே பதினைந்து நிமிடம். வீட்டைச் சுற்றி ஒருக்கால் நடந்தார், அளந்தார், படம் எடுத்தார், டேப்லெட்டில் என் விரலால் கையெழுத்து வாங்கினார். பிறகு அந்த அறிக்கையின் பிரதி கைக்கு வந்தபோது வாசித்தேன்: மூன்று இடத்தில் துளைபோட்டு, உள்ளே கமெரா விட்டுப் பார்த்து, சுவர் பொருத்தம் என்று எழுதியிருந்தது. அன்றைக்கு அவர் கையில் டிரில்லே இருக்கவில்லை.

எங்கள் வீடு மாதிரியானவற்றில் வெளிச்சுவர் ஒன்று, உட்சுவர் ஒன்று, நடுவில் இரண்டு அங்குலம் வெறும் இடம். அது கொத்தன் மறந்துபோய் விட்ட இடமில்லை. காற்றோடு அடிக்கும் மழையை வெளிச்சுவர் குடிக்கும். ஊடுருவி வரும் தண்ணீர் அந்த இடைவெளியில் கீழே வடிந்துவிடும். உட்சுவர் காய்ந்தபடி இருக்கும். இரண்டு சுவரையும் இரும்புப் பட்டிகள் பிடித்து வைத்திருக்கின்றன. கட்டும்போது சிந்திய சாந்து அந்தப் பட்டிகளில் கட்டிபட்டுக் கிடக்கும், அடியில் உடைந்த கல்லும் குப்பையும் இருக்கும். இதைத் துப்புரவாக்காமல் பஞ்சை அடைத்தால் தண்ணீருக்கு உள்ளே வரப் பாலம் போட்டுக் கொடுத்த மாதிரி. இந்தக் கனிமப் பஞ்சு தண்ணீரை இழுக்காது என்று சொல்லித்தான் விற்கிறார்கள். கடும் மழை அடிக்காத, நல்ல சுவரில், ஒரே சீராக நிரப்பினால் அது சரிதான். ஹரோவில் இருக்கும் மச்சானின் வீட்டில் அடித்துப் பல வருடம், ஒரு குறையும் இல்லை. ஆனால் லண்டன் மழையும் வேல்ஸின் மேற்குக் கரை மழையும் ஒன்றா?

வேலைக்கு வந்த பொடியன்கள் சாந்துக் கோடுகளில் விரல் பருமனுக்கு ஓட்டை போட்டு, குழாய் வைத்து ஊதி, ஓட்டைகளை அடைத்து, மத்தியானத்துக்குள் போய்விட்டார்கள். தேத்தண்ணியும் ரோல்ஸும் கொடுத்து அனுப்பினோம்.

தை மாதப் புயல் மழைக்குப் பிறகு மகனின் அறைச் சுவரில், தரையிலிருந்து ஒரு அடி உயரத்தில், தேத்தண்ணி ஊற்றினமாதிரி ஒரு கறை. பிறகு இன்னொன்று. அலுமாரியை இழுத்துப் பார்த்தால் பின்னால் கறுப்புப் பூஞ்சணம். ஒன்றைக் கவனித்தேன்: தென்மேற்கு மழை அடித்து இரண்டு நாளில் கறை பெருக்கும், மழை இல்லாமல் கடும் குளிர் மட்டும் இருந்தால் மங்கிவிடும். வீட்டுக்குள்ளே உண்டாகும் ஈரம் இப்படி மழையைப் பார்த்து வராது, குளிர் கூடக் கூடத்தான் கூடும். இந்த வித்தியாசத்தைத் திகதி போட்டு எழுதி வையுங்கள்.

நான் எழுதி வைக்கவில்லை. முறைப்பாடு செய்ததும் ஒருவரை அனுப்பினார்கள். அவர் சுவரைப் பார்த்ததைவிட எங்கள் குசினியைப் பார்த்ததுதான் கூட. நிறைய ஆவி வரும் சமையல், உடுப்பை உள்ளே காயப்போடுகிறீர்கள், ஜன்னல் திறப்பதில்லை, இது உங்கள் வாழ்க்கை முறையால் வரும் ஈரம் என்றார். அவர் போனபிறகு மனைவி கேட்டா: “அப்ப இவ்வளவு காலமும் நாங்கள் புட்டு அவிக்கேல்லையோ?”

25 வருட உத்தரவாதம் என்று வடிவான ஒரு பத்திரம் தந்திருந்தார்கள். அதைத் தூக்கிக்கொண்டு போனால், வெளிச்சுவரின் சாந்து வெடித்திருக்கிறது, பராமரிப்பு வீட்டுக்காரரின் பொறுப்பு என்று பதில். அந்த வெடிப்பு வேலைக்கு முதலே இருந்ததா, பிறகு வந்ததா? என்னிடம் முந்தின படம் ஒன்றுகூட இல்லை. பஞ்சு அடித்த கம்பனியைத் தேடினால், கம்பனிப் பதிவகத்தின் இணையப் பட்டியலில் ‘கலைக்கப்பட்டது’ என்று இருக்கிறது. அந்தப் பட்டியலைப் பார்க்கக் காசு இல்லை. நான் கையெழுத்து வைக்கமுன் பார்த்திருக்கலாம்.

இதற்குள் இன்னொரு கூட்டம் போன் எடுக்கத் தொடங்கியது: வழக்குப் போடுவோம், வென்றால்தான் காசு. கவனம். வட இங்கிலாந்தில் இப்படி ஆயிரக்கணக்கான ‘கேவிட்டி’ (நடுவில் இடைவெளி விட்ட) சுவர் வழக்குகளை எடுத்த ஒரு சட்ட நிறுவனம் 2024 தொடக்கத்தில் விழுந்தது. காப்புறுதி எல்லாம் பார்த்துக்கொள்ளும் என்று நம்பியிருந்த சனத்துக்கு எதிர்த்தரப்பின் செலவுக்கான பில் வீட்டுக்கு வந்தது. நான் கையெழுத்து வைக்கவில்லை. புத்தியால் இல்லை, ஒருக்கால் சூடுபட்ட பயத்தால்.

கடைசியில், எதையும் விற்காத ஒரு சர்வேயருக்கு 350 பவுண்ட்ஸ் கொடுத்துக் கூட்டிவந்தேன். துளைபோட்டு, கமெராவின் படத்தை எனக்கும் காட்டினார். கீழே பஞ்சு பிழிந்தால் தண்ணீர் வரும் நிலையில் கட்டிபட்டிருக்கிறது. ஜன்னலுக்கு மேலே பஞ்சே இல்லை. பலகைத் தரைக்கு அடியில் காற்று போக வைத்த ஓட்டைக் கற்களையும் பஞ்சு அடைத்துவிட்டது. அவை அடைபட்டால் அடியில் மரச்சட்டங்கள் உக்கிப் போகும். சமையலைக் குறை சொன்னவர் அதைக் குனிந்துகூடப் பார்க்கவில்லை.

2021 இல் அடியில் சில கற்களைக் கழற்றி, காற்றடித்து, உறிஞ்சி எடுப்பித்தோம். 2,900 பவுண்ட்ஸ். இலவச வேலையைக் கழற்ற.

இப்படி யாராவது உங்கள் வீட்டுக்கு வந்தால், முதலில் செங்கல்லைப் பாருங்கள். நீளப்பக்கம் மட்டும் தெரிந்தால் நடுவில் இடைவெளி இருக்கக்கூடும். நீளமும் கட்டையுமாக மாறி மாறித் தெரிந்தால் அநேகமாக அது ஒற்றைச் சுவர், அங்கே நிரப்ப இடமே இல்லை. கமெராவை உங்கள் கண்முன்னே விடச் சொல்லுங்கள். மாட்டேன் என்றால் கதவைச் சாத்துங்கள். வேலைக்கு முதல் நாலு பக்கச் சுவரையும் திகதியோடு படம் எடுங்கள். சுவருக்கு வெளிப்பக்கம் பலகை ஒட்டிப் பூசித் தருகிறோம் என்று வருபவர்களிடமும் இதே அவதானம் வேண்டும்: அரசாங்கத் திட்டங்களில் அப்படிச் செய்த வீடுகளில் 98 வீதத்தில் திருத்த வேண்டிய பெரிய குறைகள் இருப்பதாகத் தேசியத் தணிக்கை அலுவலகம் 2025 ஒக்டோபரில் அறிவித்தது.

எங்கள் சர்வே அறிக்கையின் பிரதி, நிராகரித்த கடிதம், கமெராப் படங்கள் எல்லாம் வைத்திருக்கிறேன். தேவையானவர்கள் உள்பெட்டியில் கேளுங்கள், அனுப்பிவிடுகிறேன்.