துண்டு என்றால் எந்தத் துண்டு? சுவடிப் பட்டியலில் ஆதாரம் எழுத மூன்று வழிகள்

இலங்கை மலையகத்தில் ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றின் பழைய காகிதக் கட்டுக்குப் போட்ட பட்டியலில் ஓர் உருப்படிக்கு "துண்டு, 1" என்று மட்டும் இருந்தது. கிழிந்த காகிதமா? இல்லை, தொழிலாளரைத் திரட்டி வேலை வாங்கும் கங்காணியின் கடனைக் கட்டினால் அவருடைய ஆட்களை விட்டுவிடுகிறேன் என்று தோட்ட நிர்வாகியான துரை எழுதிக் கொடுப்பாரே, 1921இல் சட்டம் போட்டு ஒழித்த அந்தத் துண்டா? பட்டியல் எழுதியவருக்குத் தெரிந்திருக்கும். எதைப் பார்த்து எழுதினார் என்பதுதான் பட்டியலில் இல்லை.

ஆதாரத்தை எங்கே எழுதுவது என்பதில் பட்டியல் போடும் எங்களுக்குள்ளேயே மூன்று கட்சி.

முதல் கட்சி வாக்கியத்துக்குள்ளேயே அடைப்புக்குறி போடச் சொல்கிறது. சொன்ன விஷயமும் ஆதாரமும் பிரியாது, அது பெரிய வசதி. ஆனால் தோட்டங்களின் விவரம் தரும் பெர்குசனின் சிலோன் டைரக்டரியை எடுத்துக்கொள்ளுங்கள்: நாலு பேர் பட்டியல் போட்டால் ஒருவர் "பெர்குசன்" என்பார், ஒருவர் "சிலோன் டைரக்டரி" என்பார், இன்னொருவர் "பெர். டை." என்று சுருக்குவார். தேடினால் மூன்றும் மூன்று புத்தகமாகத் தெரியும். அந்த டைரக்டரி வெவ்வேறு ஆண்டுகளில் புதிது புதிதாக வந்தது. பதிப்புக்குப் பதிப்பு துரையும் மாறுவார், ஏக்கர் கணக்கும் மாறும். ஆண்டு இல்லாத "பெர்குசன்" ஆதாரமே அல்ல.

இரண்டாவது, எண் போட்டு அடிக்குறிப்பு. அச்சுப் பட்டியலில் அழகு. கணினியில் விவரணை ஒரு பெட்டி, குறிப்பு இன்னொரு பெட்டி. எக்செல்லுக்கு மாற்றும்போது எண் மட்டும் அநாதையாக நிற்கும். இதை விட்டுவிடலாம்.

மூன்றாவது, ஆதாரங்களுக்குத் தனிப் பெட்டி. சர்வதேச விவரணை விதியான ஐசாட்-ஜியின் 2000ஆம் ஆண்டுப் பதிப்பு, பட்டியல் தயாரிக்கப் பார்த்த ஆதாரங்களைச் சுவடியாளர் குறிப்பில் எழுதச் சொல்கிறது. சுவடிப் பட்டியல் போட உதவும் ஆட்டம் (AtoM) என்ற மென்பொருளில் இதற்கென்றே ஓர் இடம் உண்டு. ஒரே இடம், ஒரே வடிவம், சரிபார்ப்பதும் சுலபம். "அப்போ எல்லாத்தையும் கீழ போட்டா போதும்தானே அண்ணா?" என்று எங்களோடு வேலை செய்யும் தம்பி ஒருவர் கேட்டார். போதாது. இலங்கையில் இருந்த இந்திய வம்சாவளித் தமிழரின் குடியுரிமை பற்றிய 1964 ஒக்டோபர் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தப்படி இந்தியா ஏற்க வேண்டியவர்கள் 525,000. முடிவாகாமல் விட்ட 150,000 பேரை 1974இல் இரு நாடுகளும் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொண்டபின் அது 600,000. ஓர் ஆவணக் கோவையின் வரலாற்றுக் குறிப்பில் முதல் எண்ணும் அடுத்ததில் இரண்டாவது எண்ணும் இருந்து, கீழே இரண்டு ஒப்பந்தமும் ஒன்றாகக் கிடந்தால், வாசிப்பவர் ஏதோ ஒன்று பிழை என்றே முடிவு கட்டுவார்.

என் வாக்கு மூன்றாவதுக்கு, ஆனால் முதலாவதிலிருந்து கொஞ்சம் கடன் வாங்கி. முழு விவரம் தனிப் பெட்டியில் ஒரே தடவை. ஆண்டு, எண்ணிக்கை, ஆள் பெயர், "இது இன்னது" என்ற அடையாளம், இந்த நாலுக்கு மட்டும் பக்கத்திலேயே குறுங்குறி, அதாவது ஆதாரத்தின் சுருக்கப் பெயர். குறுங்குறிகளின் பட்டியல் ஒரு பக்கத்துக்கு மேல் போகக் கூடாது. மேசையில் ஒட்டி வைத்துவிட வேண்டும்.

எந்த வழியிலும் எனக்குக் கோபம் வருகிற இடம் ஒன்று உண்டு. தோட்ட ஒபீஸ் கிளாக்கர் சொன்னதை "தகவல்: நிர்வாகம்" என்று எழுதுகிறோம். காலையில் ஆட்களைக் கூட்டி வேலை பிரிக்கும் பிரட்டுக்களம் எங்கே இருந்தது என்று தொழிலாளர் வரிசை வீடான லயத்து அம்மா ஒருவர் நடந்து வந்து காட்டினால் அது மட்டும் "செவிவழிச் செய்தி" ஆகிவிடுகிறது. இரண்டுமே வாய்மொழிதான். யார், எந்த வேலையில் இருந்தவர், எந்தத் திகதியில் சொன்னார், ஒலிக்கோப்பின் எண் என்ன, இரண்டுக்கும் இதே வடிவம்தான் வேண்டும். பெயர் போட வேண்டாம் என்றால் வேலையை மட்டும் எழுதலாம்.

அப்புறம், பழைய பதிவுகள். ஆதாரம் கிடைக்காவிட்டால் ஊகித்து ஒன்றைச் செருகாதீர்கள். "முந்தைய பட்டியலின்படி" என்று எழுதி, அந்தப் பட்டியலின் ஆண்டையும் சேருங்கள். நமது துண்டு இப்போதைக்கு அப்படித்தான் கிடக்கிறது.