சிகாகோவில் பேங்க் எடுத்த பழைய காண்டோ: நான் கெட்ட கதை

சிகாகோ டவுன்டவுனில், பிரின்டர்ஸ் ரோ பக்கம், பழைய ஆள் கடன் கட்டாததால் பேங்க் எடுத்த காண்டோ (அடுக்குமாடியில் சொந்தமாக வாங்குகிற வீடு) ஒன்று சல்லிசாக வருகிறது என்று யாராவது உங்களிடம் சொன்னால், கையெழுத்துப் போடும் முன் இதைப் படித்துவிடுங்கள். எனக்குப் போனது 5,000 டாலர் முன்பணம். வக்கீல், இன்ஸ்பெக்‌ஷன், லோன் விண்ணப்பம் என்று மேலே ஒரு 1,600. வீடும் கைக்கு வரவில்லை. வராததே நல்லது என்கிறாள் மனைவி. அது உண்மைதான் என்பதால் இன்னும் எரிச்சலாக இருக்கிறது.

நாங்கள் இருப்பது சிகாகோவின் புறநகரான நேப்பர்வில்லில். மகளுக்கு டவுன்டவுனில் கல்லூரி. ஹாஸ்டல் கட்டணத்தைப் பார்த்ததும் எல்லா அப்பன்மாருக்கும் வருகிற யோசனை எனக்கும் வந்தது. நாலு வருஷ வாடகையைக் கொட்டுவதற்குச் சின்னதாக ஒரு ஒற்றை அறை ஸ்டூடியோ வாங்கிப் போட்டால், படிப்பு முடிந்ததும் வாடகைக்கு விடலாமே. பொங்கல் விழாப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் ரியல் எஸ்டேட் ஏஜென்ட். நம் ஊர்க்காரர். ரசம் வருவதற்குள், “அண்ணா, உங்களுக்குன்னே ஒண்ணு இருக்கு. 380 சதுர அடி, 92,000. பேங்க் சீக்கிரம் தள்ளிவிடப் பார்க்குது” என்றார்.

வீட்டைப் பார்த்ததும் விழுந்துவிட்டேன் என்பதை மறைக்கப்போவதில்லை. 1910-களில் அச்சகமாகக் கட்டி, பிற்பாடு வீடுகளாகப் பிரித்த 12 மாடிக் கட்டடம். பத்தாவது மாடி. தெற்கு ஜன்னலில் டியர்போர்ன் ஸ்டேஷனின் கடிகாரக் கோபுரம், 1885-இல் கட்டியது. வடக்கே கொஞ்ச தூரம் நடந்தால் கட்டடக் கலைஞர் ஜென்னி வடிவமைத்த மன்ஹாட்டன் பில்டிங், 1891-லேயே 16 மாடி. காரைக்குடிப் பக்கம் பிறந்தவனுக்குப் பழைய வீடு என்றாலே ஒரு கிறுக்கு உண்டு.

உள்ளே ஆள் குடியிருந்து வெகுநாள் ஆகியிருந்தது. சிங்க்கின் மேல் தண்ணீர் திறக்கக் கூடாது என்று ஒரு ஸ்டிக்கர். டாய்லெட்டில் ரோஸ் மில்க் நிறத்தில் ஏதோ தேங்கி நின்றது; பனிக்காலத்தில் குழாய் வெடிக்காமல் இருக்க ஊற்றிவைப்பதாம். ஜன்னலின் இடது மூலையில் பூச்சு அப்பளம் மாதிரி உப்பியிருந்தது. மனைவி நகத்தால் சுரண்டினாள். வெள்ளையாக மாவு கொட்டியது. கீழே தரைப்பலகை ஒரு சாண் அளவுக்குக் கறுத்து நெளிந்திருந்தது. “இது ஓதம்ங்க” என்றாள்.

சுண்ணாம்புச் சுவரில் உப்புப் பூப்பதைப் பார்த்து வளர்ந்தவன் நான். எனக்குத் தெரியாதா? “பழைய பில்டிங்னா அப்படித்தாண்ணா, ஒரு கோட் பெயிண்ட் அடிச்சா போயிடும்” என்று ஏஜென்ட் சொன்னதும் தலையாட்டினேன். வாசலில் நடைபாதைக்கு மேல் பலகைப் பந்தல் போட்டிருந்தார்கள். அது எதற்கு என்று கேட்டேன். வெளியே பெயிண்ட் வேலை என்றார். செங்கலும் சுட்டமண்ணுமாக இருக்கிற முகப்பில் யாராவது பெயிண்ட் அடிப்பார்களா என்று அப்போது தோன்றவில்லை. போகட்டும்.

அந்தக் காலத்துச் சிகாகோ கட்டடங்களின் முகப்பில் பூவேலை செய்த டெரகோட்டா ஓடுகளை உள்ளே இரும்புக் கொக்கி போட்டு மாட்டியிருப்பார்கள். இடுக்கில் தண்ணீர் இறங்கினால் கொக்கி துருப்பிடித்துப் பருக்கும், ஓடு விரியும், ஒருநாள் தெருவில் விழும். அதனால் 80 அடிக்கு மேல் உயரமான கட்டடங்களின் வெளிச்சுவரை அவ்வப்போது பொறியாளர் சோதித்து நகராட்சிக்கு அறிக்கை தர வேண்டும் என்று இங்கே சட்டம். பந்தல், நடப்பவர் தலையில் எதுவும் விழாமல் இருக்கத்தான். ஓடுகளை மாற்றுவதும் லேசில்லை. பாதுகாக்கப்பட்ட கட்டடமாக இருந்தால் பழைய உருவத்திலேயே செய்து மாட்ட வேண்டும், அதற்கும் அனுமதி வாங்க வேண்டும். செலவு முழுக்க வீட்டுக்காரர்கள் தலையில்.

அப்புறம் கையெழுத்துப் படலம். “மூணு ஆஃபர் வந்திருக்குண்ணா. லோன் கிடைக்கலேன்னா விலகிக்கலாம்ங்கற ஷரத்தை எடுத்துட்டா நமக்குத்தான். உங்க சம்பளத்துக்கு லோனா கிடைக்காது?” என்றார். வேலை முடிந்து ரயிலில் வரும்போது போனிலேயே பதினாலு இடத்தில் விரலால் கையெழுத்துப் போட்டேன். ஒன்று, அவரே பேங்குக்கும் எனக்கும் ஏஜென்டாக இருக்கச் சம்மதம் என்கிற தாள். இல்லினாயில் எழுத்தில் சம்மதம் வாங்கிவிட்டால் அது செல்லும். இன்னொன்று பேங்கின் கூடுதல் ஒப்பந்தம். வீடு இருக்கிறபடியே, உத்தரவாதம் எதுவும் கிடையாது, சொன்ன தேதிக்குள் முடிக்காவிட்டால் நாளுக்கு இவ்வளவு அபராதம், பின்வாங்கினால் முன்பணம் பேங்குக்கு. வழக்கமான ஒப்பந்தத்தில் வக்கீல் பார்ப்பதற்கென்று சில நாள் இருக்கும். இதில் அதையும் அடித்திருந்தார்கள். சொத்துவரிக்காக பேங்க் விலையில் கழித்துக் கொடுப்பதுதான் கடைசிக் கணக்கு, பிறகு பேச்சில்லை என்று வேறு ஒரு வாசகம். சிகாகோ இருக்கிற குக் கவுன்ட்டியில் சொத்துவரி ஒரு வருஷம் பின்தங்கி வருவதால் அந்த ஒரு வாசகத்துக்கும் விலை உண்டு.

வக்கீலிடம் போனது இதற்கெல்லாம் பிறகு. அந்த அம்மாள் முதலில் கேட்டது 22.1 தாள்களை. இல்லினாய் காண்டோ சட்டத்தில் அந்தப் பிரிவுப்படி, வாங்குபவர் கேட்டால் அசோசியேஷனின் (கட்டடத்து வீட்டுக்காரர்கள் சங்கம்) கணக்கு, சேமிப்பு நிதி, வழக்குகள், இந்த ஆண்டும் அடுத்த இரண்டு ஆண்டுகளும் வரப்போகிற பெரிய செலவுகள் எல்லாவற்றையும் விற்பவர் வாங்கித் தர வேண்டும். பேங்க் அதையும் என் தலையில் கட்டியிருந்தது. ஏஜென்ட் தந்தது இரண்டு வருஷத்துக்கு முந்தைய கூட்டக் குறிப்பு. “இது எதுக்கு ஆகும்?” என்று அம்மாள் தள்ளிவைத்தார். ஜப்தி வீட்டை பேங்கிடமிருந்து வாங்குபவர், பழைய ஆள் அசோசியேஷனுக்குக் கட்டாமல் விட்ட மாதச் சந்தாவில் ஆறு மாதம் வரை ஏற்க வேண்டி வரும் என்பதும் அங்கேதான் தெரிந்தது. ஜப்தி ஏலத்துக்குப் பிறகு பேங்க் தன் மாதச் சந்தாவை ஒழுங்காகக் கட்டியிருக்கிறதா என்றும் பார்க்கச் சொன்னார். கட்டாவிட்டால் பழைய பாக்கிக்கு வீட்டின் மேல் இருக்கும் பிடி போகாது என்று 2015-இல் இல்லினாய் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது.

அசோசியேஷனை நிர்வகிக்கும் ஆபீஸ் பதினோரு நாள் இழுத்தது. போன் எடுத்தால் ‘அனுப்பிவிட்டோம்’, மறுநாள் ‘அனுப்புகிறோம்’. தாள் வந்த அன்று சாப்பிடவில்லை நான். முகப்பு வேலைக்கு 34 லட்சம் டாலர், எட்டு மாதம் முன்பே வாக்கெடுத்துத் தீர்மானித்தது. எங்கள் வீட்டின் பங்கு அரை சதவீதம், அதாவது 17,000 டாலர், 36 மாதத் தவணையில். மாதச் சந்தா 465, தவணை 472, ஆக லோனும் வரியும் இல்லாமலே மாதம் 937. இன்னொரு பக்கத்தில், கட்டடத்தில் 30 சதவீத வீடுகளுக்கு மேல் வாடகைக்கு விடக்கூடாது, அந்த அளவு நிரம்பிவிட்டது, வரிசையில் ஒன்பது பேர் நிற்கிறார்கள். படிப்பு முடிந்ததும் வாடகை என்கிற என் கணக்கே அங்கே அடிபட்டுப்போனது.

லோனும் வரவில்லை. என் சம்பளத்தில் குறையில்லை, கட்டடத்தில்தான் குறை. 2021 ஜூனில் ஃபுளோரிடாவில் சர்ஃப்சைட் காண்டோ இடிந்து 98 பேர் செத்த பிறகு, பெரிய பழுது நிலுவையில் உள்ள கட்டடங்களின் கடனை, பேங்குகளிடமிருந்து வீட்டுக் கடன்களை வாங்கிக்கொள்கிற ஃபேனி மே நிறுவனம் எடுத்துக்கொள்வதில்லை. அது எடுக்காததைக் கடன் கொடுப்பவர்களும் பெரும்பாலும் தொடுவதில்லை. ரொக்கம் இருக்கிறவனுக்கு மட்டுமான வீடு அது. அதை லோன்காரனான என்னிடம் விற்கப் பார்த்திருக்கிறார் ஏஜென்ட்.

கடைசியாக ஒருமுறை பார்க்கப் போனபோது லிஃப்டில் கட்டடத்துக் காவலாளி கூட வந்தார். பத்தாவது மாடியா என்று கேட்டுச் சிரித்தார். “இந்த வருஷம் அளவெடுக்க வந்த மூன்றாவது குடும்பம் நீங்கள். முதல் இரண்டு பேருக்கும் லோன் கிடைக்கவில்லை. அதே ஏஜென்ட்தானே?” அந்த மூன்று ஆஃபர் எவை என்று அப்போது புரிந்தது.

ஏஜென்ட்டைக் கூப்பிட்டேன். “அசோசியேஷன் விஷயம் எனக்கெப்படிண்ணா தெரியும், அது வக்கீல் பாக்கவேண்டியது” என்றார். அதற்குப் பிறகு என் போனை எடுப்பதில்லை. மாநில உரிமத் துறையில் புகார் கொடுத்து நாலு மாதமாகிறது. கிடைத்தது என்று ஒரு மெயில் வந்ததோடு சரி. பேங்க் முன்பணத்தை வைத்துக்கொண்டது. வக்கீல் அம்மாள் இரண்டு கடிதம் எழுதிப் பார்த்துவிட்டு, இனி எழுதினால் என் ஃபீஸ்தான் ஏறும் என்று நேர்மையாகச் சொன்னார். இந்தக் கதையில் எனக்கு மரியாதை மிச்சமிருப்பது அவர்மேலும் காவலாளிமேலும் மட்டும்தான்.

போன வாரம் அதே வீடு மறுபடி விற்பனைக்கு வந்திருக்கிறது. 84,900. புதுப் படங்கள். ரோஸ் தண்ணீரைக் காணோம், ஜன்னலில் கோபுரம் பளிச்சென்று தெரிகிறது, இடது மூலையில் வெள்ளை வெளேரென்று புதுப் பெயிண்ட். கீழே தரைப்பலகை தெரியாமல் ஒரு பூந்தொட்டி வைத்திருக்கிறார்கள்.