லேப்ரடார் குட்டிக்கு அம்மா பிசையும் சோறா, பாக்கெட் தீனியா?

பூந்தி எங்கள் வீட்டுக்கு வந்த அன்று அவளுக்கு 58 நாள் வயது. தெரிந்தவர் வீட்டில் பிறந்த ஆறு குட்டிகளில் ஒருத்தி, மஞ்சள் லேப்ரடார். ‘இப்பவே தூக்கிட்டுப் போயிடுங்க’ என்று நாற்பதாம் நாளிலேயே சொன்னார்கள். நான்தான் பொறுத்திருந்தேன். 8 வாரம் நிரம்பாத குட்டியை விற்கக் கூடாது என்று 2017ஆம் ஆண்டு மத்திய அரசு விதியே இருக்கிறது. சும்மா வாங்கிக்கொள்ளும் குட்டிக்கும் அந்தக் கணக்கு பொருந்தும். தாயோடும் கூடப் பிறந்தவற்றோடும் புரண்டு, கடித்து, கடி வாங்கி, எவ்வளவு அழுத்தினால் வலிக்கும் என்று குட்டி கற்றுக்கொள்ளும் நாட்கள் அவை.

வந்த அன்று மாலையே வீடு இரண்டு கட்சியாகிவிட்டது. அம்மா பாலும் சோறும் குழையப் பிசைந்து அலுமினியத் தட்டில் வைத்தார். தம்பி பாக்கெட் தீனியோடு வந்து நின்றான். ‘நாம திங்கிறத அதுவும் தின்னுட்டுப் போகுது. காஞ்சு கெடக்குற கொட்டையப் போயி பச்சப் புள்ளைக்கு வைப்பாங்களா?’ என்றார் அம்மா. பூந்தி பால்சோற்றையும் தின்றாள், கொட்டையையும் தின்றாள். இரண்டும் ஒரு நிமிடம்கூடத் தாங்கவில்லை. வெறும் தட்டை அவள் நக்க நக்க, அது டைல்ஸில் வழுக்கிக்கொண்டே போய் ஹால் சுவரில் முட்டி நின்றது. நின்ற பிறகும் நக்கினாள்.

அந்த நக்கலைப் பார்த்து எதையும் முடிவு செய்யாதீர்கள் என்பதுதான் நான் முதலில் சொல்ல விரும்புவது. ‘சோத்தைத்தான் ஆசையாத் திங்குது’ என்பதும் ‘பாக்கெட்டைத்தான் விரும்புது’ என்பதும் லேப்ரடார் விஷயத்தில் சாட்சியே ஆகாது. கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் 2016இல் கண்டுபிடித்துச் சொன்னார்கள்: ஏறத்தாழ நான்கில் ஒரு லேப்ரடாருக்கு பி.ஓ.எம்.சி. என்ற மரபணுவில் ஒரு துண்டு விடுபட்டிருக்கிறது. பசியை அடக்கச் சொல்லும் தகவல் மூளைக்குள் சரியாகப் போய்ச் சேர்வதில்லை. அதே மரபணுக் குறை உள்ள நாய்கள் ஓய்வில் இருக்கும்போது செலவழிக்கும் சக்தியும் கால்வாசி குறைவு என்று 2024இல் இன்னொரு ஆய்வு வந்தது. பசி அதிகம், செலவு குறைவு. அதனால் எது நல்லது என்று குட்டியைக் கேட்க முடியாது. எலும்பைத்தான் கேட்க வேண்டும்.

முதலில் அம்மாவின் தட்டு. அரிசியில் புரதம் 7, 8 சதவீதம்தான். வளரும் நாய்க்குட்டிக்கு, ஈரம் போக மிஞ்சும் உணவில் 22 சதவீதத்துக்குமேல் வேண்டும். பால் ஊற்றினால் கொஞ்சம் ஏறும். ஆனால் தாய்ப்பால் மறந்த பல குட்டிகளுக்கு மாட்டுப்பால் வயிற்றைக் கலக்கிவிடும். எங்களுக்கும் அதுதான் நடந்தது. மூன்றாம் நாள் ஹால் முழுக்க இளகலாகப் போய்விட்டாள். தயிர்ச்சோறு வயிற்றுக்கு இதம்தான், ஆனால் புரதக் கணக்கில் பெரிய மாற்றம் வராது. தயிர்ச்சோறு தின்றே பத்துப் பன்னிரண்டு வருடம் வாழ்ந்த தெருநாய்களை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். அவை வளர்ந்தபின் 15, 20 கிலோ. எட்டு வாரத்தில் ஐந்தாறு கிலோ இருந்து, ஒரு வருடத்துக்குள் 30 கிலோவை எட்டும் உடம்புக்கு அந்த உதாரணம் சரிவராது.

‘சரி, அப்ப கோழி போடுறேன்’ என்றார் அம்மா. கறிக்கடையில் எலும்பில்லாத துண்டும் ஈரலும் வாங்கி அவித்துப் போட்டார். புரதம் நிரம்பிவிட்டது. கோளாறு அங்கேதான் ஆரம்பிக்கிறது. எலும்பில்லாக் கறியில் கால்சியத்தைவிடப் பாஸ்பரஸ் பத்து மடங்குக்கும் மேல். சோற்றிலும் பாஸ்பரஸ்தான் தூக்கல். குட்டிக்கு வேண்டியதோ பாஸ்பரஸுக்குச் சமமாகவோ, சற்றுக் கூடுதலாகவோ கால்சியம். உணவில் கிடைக்காதபோது உடம்பு தன் எலும்பிலிருந்தே உருவி இரத்தத்தில் கலக்கிறது. பார்வைக்குக் குட்டி கொழுகொழுவென்று இருக்கும். உள்ளே எலும்பு மெலிந்துகொண்டிருக்கும். முன்னங்கால் வளைவது, பாதம் பரந்து தரையில் அமுங்குவது, குதித்ததும் கால் ஒடிவது எல்லாம் இப்படி வருபவை. நல்ல கறி போட்டு வளர்த்தும் ஏன் இப்படி ஆனது என்று அழுகிறவர்களை மருத்துவமனை வரிசையில் பார்த்திருக்கிறேன். அன்பில் குறை வைத்தவர்கள் இல்லை அவர்கள்.

வீட்டுச் சாப்பாட்டில் இந்தக் கணக்கைச் சரிசெய்யவே முடியாது என்று சொல்ல மாட்டேன். கேழ்வரகில் கால்சியம் ஏராளம். ஒரு முட்டை ஓட்டை மாவாக அரைத்தால் ஏறக்குறைய 2 கிராம் கால்சியம் கிடைக்கும். ஆனால் எவ்வளவு கறிக்கு எவ்வளவு ஓடு, துத்தநாகத்துக்கு என்ன, தாமிரத்துக்கு என்ன, வைட்டமின் டிக்கு என்ன என்று குட்டியின் எடை ஏற ஏறக் கால்நடை மருத்துவரிடம் எழுதி வாங்கி, தராசில் நிறுத்துச் சமைக்க வேண்டும். தினமும் அப்படிச் செய்யும் வீடு இருந்தால் அந்தக் குட்டி கொடுத்துவைத்தது. ‘கண்ணளவு’ என்று சமைக்கும் எங்கள் வீட்டில் அது நடக்காது என்று எனக்குத் தெரியும். போதாததற்குச் சின்ன வெங்காயம். சாம்பார் ஊற்றிய சோறு, பிரியாணியில் மிஞ்சியது, குழம்பு பட்ட எலும்பு எதுவும் நாய்க்கு ஆகாது. வெங்காயமும் பூண்டும் அதன் சிவப்பணுக்களைச் சிதைக்கும். பாயசத்தில் கிடக்கும் திராட்சை சிறுநீரகத்தையே நிறுத்திவிடலாம். வீட்டுச் சாப்பாடு என்று நாம் சொல்வதில் பாதி நாயின் தட்டுக்கு வர முடியாதது.

இப்போது தம்பியின் பாக்கெட். நம் ஊரில் எந்தக் கம்பெனித் தீனியானாலும் ‘பெடிகிரி’ என்றே சொல்லிப் பழகிவிட்டோம். அதனால் எல்லாம் ஒன்று என்ற எண்ணமும் வந்துவிட்டது. ஒன்று இல்லை. வளர்ந்த நாய்க்கு, சின்னச் சாதிக் குட்டிக்கு, பெரிய சாதிக் குட்டிக்கு என்று தனித்தனியாக இருக்கிறது. லேப்ரடாருக்குப் பெரிய சாதிக் குட்டிக்கானதுதான் வேண்டும். அதில் கால்சியத்துக்கு உச்சவரம்பு வைத்திருப்பார்கள். ஆறு மாதத்துக்குள் இருக்கும் குட்டியின் குடலுக்கு, கால்சியம் அதிகமாக வந்தால் ‘போதும்’ என்று தடுக்கத் தெரியாது. வந்ததில் பெரும்பங்கை உள்ளே இழுத்துக்கொள்ளும். நெதர்லாந்தில் கிரேட் டேன் என்ற பெரிய சாதிக் குட்டிகளுக்கு அதிகக் கால்சியம் கொடுத்துப் பார்த்தபோது எலும்பு பலப்படவில்லை, வளர்ச்சியே கோணலாகிப் போனது.

இதை எழுதும்போது இன்னும் மனசு கனக்கிறது. முதல் மூட்டை வாங்கிய கடையில், ‘பெரிய சாதி, எலும்பு ஸ்ட்ராங்கா வரணும்ல’ என்று ஒரு கால்சியம் டானிக்கையும் சேர்த்துக் கொடுத்தார்கள். நாங்களும் இரண்டு வாரம் நம்பி ஊற்றினோம். இரண்டாவது ஊசிக்குப் போனபோது டாக்டர் பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படித்துவிட்டு, ‘இதுல எல்லாம் இருக்கு. மேல ஊத்துற ஒவ்வொரு மூடியும் கெடுதல்’ என்று டானிக்கை நிறுத்தினார். அந்த வயதில் அது சின்னத் தப்பில்லை. எத்தனை வீடுகளில் இன்னும் ஊற்றிக்கொண்டிருக்கிறார்களோ. சோற்றுக்கு டானிக் போதாது, பாக்கெட்டுக்கு டானிக் ஆகாது. இந்த ஒரு வரியை மட்டுமாவது அடுத்த வீட்டுக்குச் சொல்லுங்கள்.

பாக்கெட்டின் குறைகளையும் சொல்ல வேண்டும். விலை அதிகம். பெரிய சாதிக் குட்டிக்கான நல்ல தீனி, மாதம் ஒரு ஆளின் மளிகைச் செலவை எட்டிவிடும். மூட்டையைப் பிரித்து லூசில் நிறுத்து விற்பதை வாங்கவே வாங்காதீர்கள். திருச்சி வெயிலில் அதன் கொழுப்பு சீக்கிரம் சிக்கு வாடை அடிக்கும், என்று தயாரித்தது, எந்த வயதுக்கானது என்பதும் தெரியாது. காய்ந்த தீனி என்பதால் தண்ணீர்ச் சட்டி எந்நேரமும் நிரம்பியிருக்க வேண்டும். நாங்கள் முதல் மாதம் முழுக்க வெந்நீரில் பத்து நிமிடம் ஊறவைத்துத்தான் கொடுத்தோம்.

என் தீர்ப்பு: எலும்பு வளரும் முதல் 12 மாதம் பாக்கெட், அதுவும் அளந்து. அளப்பது, எந்தத் தீனி என்ற கேள்வியைவிடப் பெரியது. பியூரினா நிறுவனம் 48 லேப்ரடார்களைக் குட்டியிலிருந்து கடைசிவரை கவனித்த ஆய்வு 2002இல் வெளிவந்தது. ஒரே ஈற்றுக் குட்டிகளை ஜோடி ஜோடியாகப் பிரித்து, ஒன்றுக்குக் கொடுப்பதில் கால்பங்கு குறைத்து மற்றதுக்குக் கொடுத்தார்கள். குறைத்துத் தின்றவற்றின் இடைநிலை ஆயுள் 13 வருடம், மற்றவற்றுக்கு 11.2. மூட்டுத் தேய்மானமும் அவற்றுக்குத் தள்ளித்தான் வந்தது. கிட்டத்தட்ட இரண்டு வருடம் என்பது ஒரு நாயின் வாழ்க்கையில் எவ்வளவு!

அளவு சரியா என்று பார்க்க எனக்குச் சொல்லிக்கொடுத்த வழி இது. உங்கள் கையை முஷ்டியாக மடக்கி, மறு கையால் முட்டிகளைத் தடவுங்கள். குட்டியின் விலா அப்படி இருந்தால் மெலிவு. கையை விரித்து உள்ளங்கையைத் தடவுங்கள். விலா அப்படி மெத்தென்று இருந்தால் கொழுப்பு. விரித்த புறங்கையைத் தடவும்போது எலும்பு எப்படித் தட்டுப்படுகிறதோ, விலாவும் அப்படித் தட்டுப்பட வேண்டும். ஞாயிறுதோறும் தடவிப் பார்த்து அடுத்த வார அளவைக் கூட்டுவேன் அல்லது குறைப்பேன். நான்கு மாதம்வரை நான்கு வேளை, ஆறு மாதம்வரை மூன்று, அப்புறம் இரண்டு.

பச்சைக் கறி என்று மூன்றாவது கட்சி ஒன்றும் இருக்கிறது. நம் வெயிலும் கறிக்கடை ஈயும் சால்மோனெல்லா என்ற வயிற்றுக் கிருமியும் சேர்ந்த இடத்தில், அதுவும் சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீட்டில், எனக்கு அதில் சம்மதமே இல்லை.

இரவு எங்கே படுப்பது என்பதிலும் வாக்குவாதம் வந்தது. கார் ஷெட்டில் கட்டினால்தான் காவல் காக்கும் என்றார் பக்கத்து வீட்டு மாமா. லேப்ரடார் வந்தவரை வாலாட்டி உள்ளே கூப்பிடும் சாதி. ஷெட்டில் அதற்கு உண்ணிதான் மிச்சம், உண்ணியோடு உண்ணிக் காய்ச்சலும். என் கட்டிலுக்குக் கீழே அட்டைப்பெட்டியில் பழைய புடவை விரித்துப் படுக்க வைத்தேன். முதல் மூன்று இரவு அழுதாள். கையைக் கீழே தொங்கவிட்டால் விரலில் மூக்கை வைத்துக்கொண்டு தூங்கினாள். நான்காம் இரவு கை தேவைப்படவில்லை. ஷெட்டில் விட்டிருந்தால் எத்தனை நாள் அழுதிருப்பாளோ.

வழுக்கும் டைல்ஸில் பின்னங்கால் விரிந்து விரிந்து போனதால், தட்டிலிருந்து தண்ணீர்ச் சட்டிவரை ஜமக்காளம் போட்டோம். படி ஏறவிடவில்லை. மூன்று மாதத்துக்குள் படியேறும் குட்டிகளுக்கு இடுப்பு மூட்டுக் கோளாறு அதிகம் என்று நார்வேயில் லேப்ரடார் உட்பட நான்கு சாதிகளில் பார்த்திருக்கிறார்கள். மண் தரையில் தானாக ஓடி விளையாடியவற்றுக்குக் குறைவாம்.

ஊசி முடியும்வரை வாசலையே காட்டாதே என்பவர்களும், எல்லா இடத்துக்கும் கூட்டிப் போ என்பவர்களும் உண்டு. இரண்டு பக்கமும் பாதி நியாயம். குட்டிகளுக்கு உயிர்போகும் வயிற்றுப்போக்கைக் கொண்டுவரும் பார்வோ கிருமி மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும், ஃபினாயிலுக்கும் அசையாது, பிளீச்சிங் பவுடர் கரைசலுக்குத்தான் சாகும். ஆனால் 14 வாரத்துக்குள் பார்க்காத ஆட்டோவுக்கும் பட்டாசுக்கும் பிற்பாடு வாழ்நாள் முழுக்கக்கூடக் குட்டி நடுங்கலாம். நாங்கள் தோளில் தூக்கிக்கொண்டு போனோம். மார்க்கெட், பள்ளிவிடும் நேரம், கோவில் மேளம் எல்லாம் காட்டினோம். பாதம் மட்டும் தெருவில் படவில்லை. மூத்திரத்துக்குச் செய்தித்தாளைவிட மொட்டை மாடி மூலையில் வைத்த மணல் தட்டு மேல். தாளைக் கிழித்து விளையாடத்தான் செய்தாள். தூங்கி எழுந்ததும், தின்றதும் தூக்கிக்கொண்டு மாடிக்கு ஓடினால் பத்தே நாளில் பிடிபட்டுவிட்டது.

இப்போது ஆறாம் மாதம், 17 கிலோ. காலையில் அம்மாதான் சமையலறைத் தராசில் தீனியை நிறுக்கிறார். ஞாயிற்றுக்கிழமை மட்டும், அன்றைய அளவில் பத்தில் ஒரு பங்கைக் குறைத்துவிட்டு, அரை இட்லியும் அவித்த முட்டையும் தன் கையால் ஊட்டுவார். ஒரு வயது முடிந்ததும் டாக்டரிடம் வீட்டுச் சாப்பாட்டுக்கு அளவு எழுதி வாங்கித் தருகிறேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன். அம்மா காலண்டரில் தேதியைக் குறித்துவைத்திருக்கிறார்.